மலைநாட்டுச் சிறுவரும் ஆடுகளமும்

நுவரெலியா மாவட்டத்திலே, மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் மலைச்சரிவுகளில் அமைந்திருப்பது வலப்பனைப் பிரதேசம். இராகலை, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட் முதலிய இடங்களைச் சூழ்ந்து தேயிலைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. தாழ்ந்த பகுதிகளிலே சிங்களக் கிராமங்களும் படிப்படியாக அமைந்த வயல்களும் உள்ளன. இங்குள்ள தோட்டப் பிள்ளைகள் பாடசாலை விட்டு லயத்துக்குத் திரும்பும்போது பிற்பகல் இரண்டு மணியாகிவிடும். கடைசிக் கொழுந்தையும் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய்மார் வீடு வந்து சேர்வதற்கோ மாலை ஐந்து மணியாகும். இடையிலே கிடக்கும் இந்த மூன்று மணி நேரம் யாருடையது? அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது?

இன்று இக்கேள்விக்குப் பல வீடுகளில் ஒரே விடைதான் உண்டு. பிள்ளை கைத்தொலைபேசியின் முன் அமர்ந்திருக்கிறது. தகப்பனார் கண்டிக்கிறார்; பாட்டனார் தம் காலத்தில் மலையெல்லாம் ஓடித் திரிந்த கதையைச் சொல்லிப் பெருமூச்செறிகிறார். குற்றம் பிள்ளையினது என்றோ, கருவியினது என்றோ கூறி முடித்துவிடுதல் எளிது. ஆயின் வரலாற்றை நோக்குமிடத்து, விடயம் அவ்வளவு எளிதன்று. விளையாட்டுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று நேரம்; மற்றொன்று இடம். மலைநாட்டுத் தோட்டங்களிலே இவ்விரண்டும் சிறுவருக்குத் தாமாகக் கிடைத்தவை அல்ல. நேரம் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட முயற்சியினாலே சிறிது சிறிதாகக் கிடைத்தது. இடம் இன்னமும் முழுமையாகக் கிடைக்கவில்லை. நேரம் கிடைத்து இடம் கிடையாத அந்த வெற்றிடத்திலேதான் திரை வந்து அமர்ந்தது.

இலங்கையின் மலைப்பகுதிகளிலே கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியது 1820களிலாகும். அத்தோட்டங்களில் வேலை செய்யத் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து மக்கள் கடல் கடந்து வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர் பலர். இந்த யாத்திரையின் இருநூற்றாண்டை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. கோப்பிக் காலத்தில் வந்தோருட் பெரும்பாலோர் பருவ வேலைக்கு வந்து திரும்பிச் செல்லும் ஆடவர். 1869 ஆம் ஆண்டு கோப்பிச் செடியிலே இலைநோய் கண்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி மறைந்து தேயிலை பரவியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்து நிலையாகத் தங்க நேர்ந்தது. மலைநாட்டிலே பிறந்து வளரும் தமிழ்ச் சிறுவர் கூட்டம் அவ்வாறு பெருகியது.

வந்தவர்கள் பெட்டி படுக்கைகளை அதிகம் கொண்டுவரவில்லை. ஆனால் விளையாட்டுக்களைக் கொண்டுவந்தனர். சடுகுடு, கிட்டிப்புள், பாண்டி, பம்பரம், கோலி, கண்ணாமூச்சி, பல்லாங்குழி ஆகியன தமிழகத்துக் கிராமங்களில் ஆடப்பட்டு வந்தவை. தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்னும் நூல் இத்தகைய ஆட்டங்களின் முறைகளைத் தொகுத்துக் கூறுகிறது. இவற்றிற்கு விலை கொடுத்து வாங்கும் கருவி தேவையில்லை. ஒரு குச்சி, ஓர் ஓட்டுத்துண்டு, சில புளியங்கொட்டைகள் இருந்தால் போதும். வலப்பனைக் கிராமங்களிலே அயலிற் குடியிருந்த சிங்களச் சிறுவர் ‘எல்லே’ என்னும் பந்தடி ஆட்டத்தை ஆடினர். மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று தொகுத்தார். லயத்து முற்றங்களில் ஆடப்பட்ட விளையாட்டுக்களையும் அவ்வாறே தொகுத்தல் இன்றும் செய்யத்தக்க பணியாகும்.

ஆயின் ஆடுவதற்கு நேரம் இருந்ததா? தோட்டத்தின் நாள் பிரட்டுக் களத்திலே தொடங்கியது. அதிகாலையில் தப்பு ஒலிக்க, ஆளணி திரள, கங்காணி பெயர் கூப்பிடுவார். அந்தப் பெயர்ப் பட்டியலில் ஆண், பெண் என்பதோடு பிள்ளை என்றொரு பிரிவும் இருந்தது. சின்னஞ்சிறு கைகள் கொழுந்து பறித்தன, களை பிடுங்கின. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் தனித்தனியே சம்பளம் வகுக்க வழி செய்தது என்பதே, பிள்ளையின் உழைப்பு அன்று எவ்வளவு வழக்கமாயிருந்தது என்பதற்குச் சான்றாகும். பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்தலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. இது ஒரு முன்னேற்றமே. எனினும் பத்து வயதை எட்டிய பிள்ளை மலையேறலாம் என்பதும் அதன் பொருளாயிற்று.

பாட்டனார் மலையெல்லாம் ஓடித் திரிந்தார் என்னும் பெருமைக் கதையின் மறுபக்கம் இது. அன்றைய பிள்ளையின் உடல் அசைந்தது என்பது உண்மை. கூடை சுமந்தது, விறகு பொறுக்கியது, பீலியிலிருந்து தண்ணீர் எடுத்தது. ஆனால் கட்டளைக்காக அசைவதும் மகிழ்ச்சிக்காக அசைவதும் ஒன்றல்ல. முன்னது உடலைத் தேய்க்கும். பின்னது உடலை வளர்க்கும். ஆதலின் பழங்காலத்துக்குத் திரும்புவோம் என்று கூறுவது இவ்விடயத்தில் பொருந்தாது.

நேரத்தை மீட்டுத் தந்தது பாடசாலை. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளின் தாய்மொழிக் கல்விக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்டத்துரைமீது சுமத்தியது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அப்பொறுப்பை மேலும் வலியுறுத்தியது. இலங்கை எங்கணும் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது; சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் பெயர் அதனால் இன்றும் போற்றப்படுகிறது. தோட்டப் பாடசாலைகள் மட்டும் நெடுங்காலம் அந்த நீரோட்டத்துக்குப் புறம்பாகவே நின்றன. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதலே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. ஐந்து முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்னும் ஒழுங்குவிதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அவ்வெல்லை பதினாறு வயதாக உயர்த்தப்பட்டது. பிரட்டுக்களத்துப் பெயர்ப் பட்டியலிலிருந்து பிள்ளையின் பெயரை நீக்க இவ்வளவு காலம் சென்றது.

இனி இடத்தைப் பற்றி நோக்குவோம். மலைநாட்டிலே விளையாட்டு மைதானமே இல்லை என்று எவரும் கூற முடியாது. டிக்கோயா–மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் 1868 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. நுவரெலியாவில் கொல்ப் கழகம் 1889இல் நிறுவப்பட்டது. குதிரைப் பந்தயத் திடலும் அந்நகரில் அமைந்தது. தம் தாய்நாட்டு ஆட்டங்களுக்காக ஆங்கிலத் துரைமார் மலையைச் சமன்படுத்தினர்; புல் வளர்த்தனர். செங்குத்தான சரிவிலும் சமதரை உண்டாக்குதல் இயலாத காரியமன்று என்பதற்கு அம்மைதானங்களே சாட்சி. ஆனால் அந்தச் சமதரை தொழிலாளரின் பிள்ளைகளுக்காக உண்டாக்கப்பட்டதன்று. சரிவான நிலம் தேயிலைக்கு. அருமையாகக் கிடைத்த சமதரை தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும். லயத்துக் காம்பராவோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒரு குறுகிய இஸ்தோப்பு. அதன் முன்னே வாய்க்கால். அதற்கப்பால் மீண்டும் தேயிலை. பிள்ளைகளுக்கென்று எஞ்சியது பிரட்டுக் களமும் கோயில் முற்றமுமே.

இக்குறை நீடித்ததற்கு அரசியற் காரணமும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தனர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்வழி இலட்சக்கணக்கானோர் இந்தியா செல்ல நேர்ந்தது. சேர்ந்து விளையாடிய சிறுவர் கூட்டங்கள் பாதி இங்கும் பாதி அங்குமாகப் பிரிந்தன. வாக்கில்லாதவன் மைதானம் கேட்டால் யார் செவிசாய்ப்பர்? குடியுரிமைச் சிக்கல் 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் தீர்ந்தது. அதன் பின்னரும் வேறொரு தடை நின்றது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த ஒரு பிரிவு, தோட்ட நிலத்துக்குள்ளே பிரதேச சபைகள் பொதுப்பணி செய்வதற்குத் தடையாயிருந்தது. வீதியின் ஒருபுறத்துக் கிராமத்துக்குச் சபை பணி செய்யும். மறுபுறத்துத் தோட்டத்துக்குச் செய்ய இயலாது. அப்பிரிவு 2018இலேதான் திருத்தப்பட்டது. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏக்கர் நிலம் வழங்க வேண்டும் என்னும் கொள்கையும் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவதே.

உலகின் பிற பகுதிகளிலே இக்காலத்தில் நிகழ்ந்தவற்றை இதனோடு ஒப்புநோக்குதல் பயன் தரும். ஜெர்மனியிலே 1811இல் யான் என்பார் பெர்லின் நகருக்கருகே திறந்தவெளி உடற்பயிற்சிக் களமொன்றை அமைத்தார். சுவீடன் தேசத்து லிங் என்பாரின் பயிற்சி முறை பல நாடுகளின் பாடசாலைகளில் இடம்பெற்றது. சென்னையிலே ஹாரி குரோ பக் என்பார் 1920இல் வை. எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அத்துறையில் முன்னோடியான அக்கல்லூரி உடற்கல்வி ஆசிரியர்கள் பலரை உருவாக்கியது. உடலுக்கும் பாடம் வேண்டும். அதற்கும் ஆசிரியர் வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறு பரவியது. அதே 1920இல் மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைக்குக் கல்விச் சட்டம் ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டிருந்தது. ஓர் அறையில் எல்லா வகுப்புக்களையும் ஒருவரே நடத்திய பாடசாலையில் உடற்பயிற்சி என்பது, நின்ற இடத்தில் கையை உயர்த்தித் தாழ்த்துவதோடு முடிந்திருப்பின் அதில் வியப்பில்லை.

இந்தக் குறுகிய இடத்திலும் மலைநாட்டு இளைஞர் தமக்குப் பொருந்திய ஓர் ஆட்டத்தைக் கண்டுகொண்டனர். அது கரப்பந்தாட்டம். 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் என்பார் வகுத்த இவ்வாட்டம் 1916இல் வை. எம். சி. ஏ. வாயிலாக இலங்கைக்கு வந்தது. 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. இதற்கு வேண்டிய களம் பதினெட்டு மீற்றர் நீளமும் ஒன்பது மீற்றர் அகலமுமே. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, பன்னிருவர் ஆடலாம். பிரட்டுக் களத்தில் இது அடங்கும். சடுகுடுவுக்கு இதனினும் சிறிய களம் போதும். மூதாதையர் கொண்டுவந்த அந்தச் சடுகுடு 1990இல் பெய்ஜிங் நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே இடம்பெற்றது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பாண்டிக்கோ ஒரு முற்றமே போதும். நிலத்தின் அளவுக்கு ஏற்ற ஆட்டம் உண்டு; ஆனால் எந்த ஆட்டத்துக்கும் சிறிதளவேனும் நிலம் உண்டாக வேண்டும்.

இனித் திரையின் வரலாறு. கொழும்பிலே வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. பிற்காலத்தில் வானொலிப்பெட்டி லயங்களுக்கும் வந்தது. வானொலி செவியை மட்டுமே கேட்டது. கையையும் காலையும் விட்டுவிட்டது. பாட்டைக் கேட்டுக்கொண்டே அரிசி புடைக்கலாம். நாடகத்தைக் கேட்டுக்கொண்டே முற்றத்தில் பம்பரம் விடலாம். சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும், ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் தம் ஒளிபரப்பைத் தொடங்கின. தொலைக்காட்சி கண்ணைக் கேட்டது. கண்ணோடு உடலையும் ஓரிடத்தில் அமர்த்தியது. எனினும் தோட்டங்களில் மின்சாரம் அரிதாயிருந்த அந்நாட்களில் மோட்டார் வண்டி பற்றரியைக் கொண்டே பெட்டியை இயக்க வேண்டியிருந்தது. லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் ஊரே அங்குக் கூடும். பற்றரி தீர்ந்தால் படம் முடியும். பிள்ளைகள் எழுந்து ஓடுவர். அந்தத் திரைக்கு ஓர் எல்லை இருந்தது.

கைத்தொலைபேசி இலங்கைக்கு வந்தது 1989இல். அதுவே பின்னர்த் திரையாகவும் மாறிற்று. ஆயினும் மலைநாட்டுப் பிள்ளைகளின் கைக்கு அதைப் பெருமளவிற் கொண்டுவந்து சேர்த்தது 2020 ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் இணையவழியே வரும் என்று அறிவிக்கப்பட்டது. கடன்பட்டும் நகையை அடகு வைத்தும் பெற்றோர் கருவி வாங்க நேர்ந்தது. அலைவரிசை கிடையாத இடங்களில் பிள்ளைகள் உயர்ந்த பாறைகளையும் மரங்களையும் தேடி ஏறினர். பாடத்துக்காக மலையேறிய கடைசிக் காட்சி அது எனலாம். 2022இல் பொருளாதார நெருக்கடியாலும் எரிபொருள் தட்டுப்பாட்டாலும் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. மீண்டும் அக்கருவியே ஆசிரியராயிற்று. பின்னர்ப் பாடசாலைகள் திறந்தன. வகுப்பு கருவியை விட்டு வெளியேறிற்று, பிள்ளை வெளியேறவில்லை. பெற்றோரே கையிற் கொடுத்த பொருளை, கல்விக்கென்று கொடுத்த பொருளை, இப்பொழுது கேடு என்று கூறிப் பறிப்பது எங்ஙனம் என்னும் தடுமாற்றம் வீடுதோறும் எழுந்தது.

தடுமாற்றம் இருப்பினும், உடல் தனக்கு வேண்டியதைக் கேட்டே தீரும். மருத்துவ உலகம் இதனை மெல்ல மெல்லத் தெளிந்தது. லண்டன் மாநகர் பஸ் ஊழியரை ஆராய்ந்த ஜெரி மொரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் கூட்டத்தாரும் 1953இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, ஈரடுக்குப் பஸ்ஸின் படிகளில் ஏறியிறங்கிய நடத்துநருக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே வீதி. வேறுபாடு அசைவிலேயே இருந்தது. உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஐந்து முதல் பதினேழு வயதுவரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி அறுபது நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும். பொழுதுபோக்குக்காகத் திரை பார்க்கும் நேரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். இளங்குழந்தைகளைப் பற்றி அவ்வமைப்பு 2019இல் கூறியது இன்னும் கண்டிப்பானது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. அதனினும் குறைவாயின் நன்று.

இது மலைநாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 2016 ஆம் ஆண்டின் தரவுகளைக் கொண்டு செய்த கணிப்பின்படி, உலகில் பதினொன்று முதல் பதினேழு வயதுவரையுள்ள மாணாக்கரில் நூற்றுக்கு 81 பேர் போதிய அளவு உடலை இயக்குவதில்லை. ஆண்பிள்ளைகளில் 78 பேர். பெண்பிள்ளைகளில் 85 பேர். தோட்டத்திலே தம்பி தங்கையரைப் பார்ப்பதும் தண்ணீர் எடுப்பதும் பெண்பிள்ளையின் கடனாகக் கருதப்படுவதால், மைதானம் இருப்பினும் அவளுக்கு நேரம் இல்லாது போகலாம். கண்ணைப் பற்றிய ஆய்வு ஒன்றும் கருதத்தக்கது. சீனாவின் குவாங்சோ நகரிலே பன்னிரண்டு பாடசாலைகளில் நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனையில், நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் கூடுதலாக வெளியிலே கழித்த பிள்ளைகளில் மூன்றாண்டுகளுக்குள் கிட்டப்பார்வை அடைந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர். வழக்கம்போல் இருந்தோரில் ஏறக்குறைய 40 பேர். திறந்தவெளியின் பகலொளியே கண்ணுக்குக் காப்பாயிற்று.

ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. ஓடி விளையாட உணவும் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவ நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய 32 பேர். பசித்த வயிற்றோடு வந்த பிள்ளையை ஓடு என்று ஏவுவது உடற்கல்வி ஆகாது. பாடசாலையிலே கிடைக்கும் ஒருவேளை உணவும், மாலையிலே ஆடும் ஒருமணி நேரமும் ஒன்றையொன்று சார்ந்தவை.

தாய் கொழுந்து மலையில் நிற்கும்போது பிள்ளையைக் காப்பவர் யார் என்னும் கேள்வியும் எழுகிறது. கைக்குழந்தைகளுக்குப் பிள்ளை மடுவம் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அத்தகைய இடம் இல்லை. மழையிலே மண் சரியும் மலை. சிறுத்தை நடமாடும் காட்டோரம். வளைந்து செல்லும் வீதி. இத்தகைய சூழலில், பிள்ளை வீட்டுக்குள்ளே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் உயிருக்குக் கேடில்லை என்று தாய் எண்ணுவது அறியாமையன்று, அச்சம். அந்த அச்சத்தை நீக்காமல் திரையை நீக்க முயல்வது பயன் தராது.

ஆதலின் வழி என்னவெனில், பிள்ளைக்கு அறிவுரை கூறுமுன் பிள்ளைக்கு இடம் காண்பதேயாகும். பிரட்டுக் களமும் பாடசாலை முற்றமும் பிற்பகலிற் பூட்டிக் கிடக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரோ இருவரோ முறைவைத்து அங்கே அமர்ந்திருப்பாராயின் தாய்மாரின் அச்சம் பாதி நீங்கும். பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு நேரத்தை உறுதியாக ஒதுக்கலாம். பாட்டனார் பெருமூச்செறிவதை விடுத்து, கிட்டிப்புள்ளும் பாண்டியும் எவ்வாறு ஆடுவது என்று பேரப்பிள்ளைக்குக் கற்பிக்கலாம். கற்பிக்க இன்னும் அவர் இருக்கிறார். அறுபது நிமிடத்தையும் ஒரே மூச்சில் ஆட வேண்டும் என்பதும் இல்லை. பாடசாலைக்கு விரைந்து நடந்து செல்வதும், இடைவேளையில் ஓடுவதும், மாலையில் ஆடுவதும் சேர்ந்து அக்கணக்கை நிரப்பும். வீட்டிலே உண்ணும் வேளையிலும் உறங்கும் வேளையிலும் கைத்தொலைபேசி பெரியவர் கையிலும் இராதாயின், பிள்ளையிடம் அதை வாங்குவது எளிதாகும். பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கப் பிள்ளைக்கு மட்டும் தடை விதிப்பது எந்நாளும் நிலைத்ததில்லை.

பிரதேச சபைக்கும் கடமை உண்டு. சட்டத்தின் தடை 2018இலேயே விலகிவிட்டது. 1989 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைச் சாசனத்தின் முப்பத்தோராவது உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று கூறுகிறது. இலங்கை அதனை 1991 ஜூலையில் ஏற்றுறுதி செய்தது. பதினெட்டு மீற்றர் நீளமும் ஒன்பது மீற்றர் அகலமுமான ஒரு சமதரை ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் வேண்டும் எனக் கேட்பது பேராசையாகாது. கொல்ப் ஆட்டத்துக்கென்று மலையைச் சமன்செய்த நாடு, கரப்பந்துக்கென்றும் பாண்டிக்கென்றும் அதனைச் செய்ய இயலாதா?

பாரதியார் தம் பாப்பாப் பாட்டிலே பிள்ளையின் மாலைப் பொழுதை விளையாட்டுக்கென்றே ஒதுக்கினார். வலப்பனைத் தோட்டங்களின் பிள்ளைக்கு அந்த மாலைப்பொழுதைக் கங்காணியின் பெயர்ப் பட்டியலிலிருந்து மீட்பதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. அவ்வளவு அரிதின் மீட்ட பொழுது அது. இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையிலுள்ள அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தையேனும் முற்றத்துக்குத் திருப்பிக் கொடுத்தால், கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு ஏறிவரும் தாய், வாசலை அடையுமுன்னரே தன் பிள்ளையின் குரலைக் கேட்பாள்.